கை தூக்காத கோல்கீப்பர்

"போன ஞாயிறு மைதானமே முசோலினிக்குக் கை தூக்கி வணக்கம் வெச்சுது. நீ மட்டும் ஏன்டா தூக்கல?"

இத்தாலியின் லிவோர்னோ துறைமுக அணியின் உடை மாற்றும் அறையில் பாசிசக் கட்சிச் செயலாளர் மல்வெஸ்தி கத்தினார்.

கோல்கீப்பர் ஒரேஸ்தே அசரவில்லை. "ரெண்டு கையிலயும் பந்து இருந்துச்சுங்க. கோல்கீப்பர் பந்தைக் கீழ போடலாமா?"

"இன்னிக்கு எப்படித் தூக்காம இருக்கேன்னு பார்க்கிறேன்!" மல்வெஸ்தி அவன் கையிலிருந்த பந்தைப் பிடுங்கித் தன் வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறினார்.

"தூக்கித் தொலையேன்டா, உள்ள தள்ளிடுவாங்க," என்று கேப்டன் துச்சோ கெஞ்சினான்.

"எங்கப்பாவ அடிச்சே கொன்ன கூட்டத்துக்கா? மாட்டேன்."

மைதானத்தில் அணி வரிசையாக நின்றது. ஒரேஸ்தேயின் கைகள் காலி. எதிரே நின்ற மல்வெஸ்தி அவனையே முறைத்தபடி, எல்லோருக்கும் முந்தி, விறைப்பாக வலது கையை உயர்த்தினார்.

கக்கத்துப் பந்து கீழே விழுந்து உருண்டது.

ஒரேஸ்தே பாய்ந்தான். மைதானம் முழுக்கக் கைகள் உயர்ந்து நிற்க, அவன் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி புல்லில் கிடந்தான்.

"கையைத் தூக்குடா!" மல்வெஸ்தி பல்லைக் கடித்தார்.

"எப்படிங்க? ரெண்டு கையிலயும் பந்து இருக்கே!"