நீச்சல் குளத்தில் வெல்லம்

உச்சி வெயிலில் ஓட்டல் நீச்சல் குளத்துக்குள் மலைக்கோயில் கோபுரம் தலைகீழாக ஆடுகிறது. குளத்தின் மேல்படியில் குந்தியிருக்கும் புவனா, நேர்ந்துகொண்டு வந்த வெல்லத்தைத் தண்ணீரில் விடுகிறாள். “அம்மா, இது குளிக்கிற தண்ணிங்க, மருந்து போட்டிருக்கு,” என்கிறான் குளம் சுத்தம் செய்யும் ஜுபைர். “கோயில் குளத்துல தண்ணியே இல்ல நைனா. இது கரைஞ்சா அவருக்கும் கரைஞ்சிடும்.” நாற்காலியில் அவள் கணவர், கழுத்துக் கட்டியைத் துண்டால் மூடிக்கொண்டு, எங்கேயோ பார்க்கிறார். மாடியிலிருந்து மேனேஜர் கத்துகிறார்: “இன்னாத்தடா பாத்துகினு நிக்கிற? அள்ளி வெளிய போடு!” ஜுபைர் வலைக்கோலை இறக்குகிறான். அள்ள மனம் வரவில்லை. சீக்கிரம் கரையட்டும் என்று வெல்லத்தைச் சுற்றிக் கலக்குகிறான். அது உருண்டு உருண்டு ஆழத்துக்குப் போகிறது, முழுசாக.