தேய்மானம்

வாயைத் திறந்தபடி படுத்திருந்தாள். முகத்துக்கு நேரே விளக்கு.

கண்ணை மூடிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது அவளுக்குப் பிடித்திருந்தது.

"சொத்தை எதுவும் இல்லம்மா," என்றார் பல் டாக்டர். அவளைவிடக் கொஞ்சம் மூத்த பெண்மணி. "எல்லாப் பல்லும் மழுங்கிப் போயிருக்கு. ஒண்ணு பிளந்தே போச்சு. தூக்கத்துல நறநறன்னு கடிக்கிறீங்க. வீட்ல ஏதாவது கவலையா? ரொம்ப நாளா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்."

தாடை வலி. தலைவலி. நெஞ்செரிச்சல். சீப்போடு வரும் முடி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மாத்திரை வைத்திருந்தாள். எல்லாம் ஒரே இடத்திலிருந்து வரக்கூடும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

நினைத்தால் அந்த இடத்துக்குப் பெயர் வைக்க வேண்டியிருக்கும்.

கணவனின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே வீடு சுருங்கிவிடும். குழம்பில் உப்பு, ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறி, அவள் நின்ற விதம். எதற்கு வெடிப்பான் என்று தெரியாது.

அவள் எதிர்த்துப் பேசியதில்லை. அழுததில்லை. அறைக்கதவைச் சாத்திவிட்டு, "சரிங்க, சரிங்க" என்பாள், தணிந்த குரலில்.

குழந்தைக்குத் தெரியக் கூடாது.

அந்த ஒன்றில் மட்டும் ஜெயித்துவிட்டதாக நம்பியிருந்தாள்.

டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். இரவில் பல்லுக்கு மாட்டிக்கொள்ள ஓர் உறை. தாடைக்கு வெந்நீர் ஒத்தடம். படுக்குமுன் மூச்சை மெதுவாக இழுத்துவிடப் பழக வேண்டும். யாரிடமாவது மனம்விட்டுப் பேச வேண்டும்.

"கூடப் படுக்கிறவங்க சத்தம் கேக்குதுன்னு சொன்னதே இல்லையா?"

அவள் பதில் தேடுவதற்குள், மூலையில் முக்காலியில் உட்கார்ந்திருந்த மகள் பேசினாள். ஏழு வயது.

"நான்தான் கூடப் படுப்பேன். நல்லா கேக்கும். தாடையத் தடவிக் குடுத்தா நிறுத்திருவாங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். "அடி என் தங்கமே! அப்ப நீ எப்பத்தான் தூங்குவ?"

"அப்பா தூங்கினதுக்கு அப்புறம்."

சிரிப்பு பாதியில் நின்றது.

டாக்டர் மகளைத் தூக்கி, தாய் எழுந்து ஒதுங்கிய நாற்காலியில் உட்கார வைத்தார்.

"எங்க, நீயும் ஆ காட்டு."

விளக்கு திரும்பியது.

முன்னால் புதிதாக முளைத்த இரண்டு பற்கள். பின்னால் பால்பற்கள், அரம் வைத்துத் தேய்த்ததுபோல் தட்டையாக.

போன மாதம் மகள் தூக்கத்தில் பல்லைக் கடிப்பதை அவள் கேட்டிருந்தாள். ஊரில் எந்தத் தாயும் நினைப்பதைத்தான் நினைத்தாள். வயிற்றில் பூச்சி. மருந்து வாங்கி ஊற்றினாள். நிற்கவில்லை. வேப்பங்கொழுந்தை அரைத்து, உருட்டிக் கொடுத்தாள்.

எந்தப் பிள்ளையும் துப்பியிருக்கும்.

மகள் அவள் முகத்தையே பார்த்தபடி மென்றாள். விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

"கசக்கவே இல்லம்மா," என்றாள்.