ஜோர்ஜியாப் பக்குவம்

ஆங்கிலேயர் ஊரான பிளேஸ்டோவில் யோகராஜாவின் பொரித்த கோழிக் கடைப் பலகையில் ‘அமெரிக்காவின் ஜோர்ஜியாப் பழைய பக்குவம்’ என்று எழுதியிருந்தது. அவர் ஜோர்ஜியாவுக்குப் போனதில்லை.

அன்று ஜோர்ஜியாவிலிருந்தே ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். பெயர் லோறா. பழைய அமெரிக்கச் சமையலைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிறவளாம், அவளே சொன்னாள்.

“அண்ணை, பலகையைக் கழட்டுவமோ?” என்றான் கடையில் வேலை செய்யும் எட்வேட்.

“பேசாமல் இரு.”

லோறா ஒரு கடி கடித்தாள். கண்ணை மூடினாள். பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள்.

“மோரில் ஊறப்போட்டீர்களா?”

“ஓம். உப்பும் போட்டு, ஒரு இரவு முழுக்க.”

“எங்கள் ஊர்ப் பழைய ஆட்களின் பக்குவம் இது. இப்போது அங்கேயே இந்த ருசி கிடைப்பதில்லை. யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?”

“அம்மாவிடம்.”

அம்மாவின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு போனாள் லோறா.

எட்வேட் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

“அண்ணை, உங்கட வீடு சுத்த சைவமெல்லே? அம்மா எந்தக் கோழியை ஊறப்போட்டவ?”

“அம்மா போட்டது மோர்மிளகாய். நான் மிளகாய்க்குப் பதிலாக் கோழியைப் போட்டன். அவ்வளவுதான்.”

யோகராஜா அடுத்த துண்டுகளை எண்ணெயில் இறக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அது சரி எட்வேட், இந்தக் கோழி என்ன ருசியடா?”