சித்தி றஹீமா

“யாரு சித்தி? இது எங்க உம்மா!”

காலையில் நான் எழுதிக் கொடுத்த கடிதத்தை ஜெஸ்லா என் மேசைமேல் அறைந்து வைத்தாள். தேநீர்க் கோப்பை துள்ளியது.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. மாத்தளைக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, நீதிமன்றத்துக்குப் பக்கத்து மாடியில் ஓர் அறை எடுத்து ஆங்கிலக் கடிதங்கள் எழுதிக் கொடுக்கிறேன். சுசீலாதேவி மிஸ் எழுதியதில் பிழை என்று இதுவரை எவரும் படியேறி வந்ததில்லை.

“கத்தாதேங்கோ பிள்ளை. நேற்று உங்கட ஆக்கள் போனில சொன்னதைத்தான் எழுதியிருக்கிறன்.”

அவளுக்குப் பின்னால் றஹீமா மூச்சு வாங்க வந்து நின்றார். கையில் சரசரக்கும் பொலித்தீன் சிலிசிலிப் பை. பை நிறையக் காகிதங்கள்.

ஜெஸ்லாவுக்கு அமெரிக்காவில் படிக்க இடம் கிடைத்திருந்தது. நாளை கொழும்பில் விசா நேர்முகம். இன்றிரவே பஸ் ஏற வேண்டும். படிப்புச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று றஹீமா கையெழுத்திட வேண்டிய இந்தக் கடிதம் ஒன்றுதான் பாக்கி.

மற்றதெல்லாம் அந்த மனுஷி தனியாளாகச் சேர்த்தது. மிளகு வியாபாரம் செய்கிறவர். கிராம சேவகர், பிரதேச செயலகம், வங்கி என்று ஏறாத வாசல் இல்லை. சிங்களத்தில் வெளுத்து வாங்கி, கேட்ட காகிதம் கைக்கு வந்த பிறகுதான் வாசலை விட்டு இறங்குவாராம். ஆங்கிலம் மட்டும் வராது. அந்த ஒன்றுக்காக என்னிடம் வந்தார். அதிலும் நான் கோட்டை விட்டுவிட்டேன் போலிருந்தது.

“சித்தி றஹீமா எண்டுதானே சொன்னனீங்கள்? பெயர் றஹீமா, முறை சித்தி. அம்மாட தங்கச்சி எண்டு எழுதினன்.”

றஹீமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். பார்த்தால், சிரிப்பு.

“மிஸ், சித்திங்கிறது என் பேரு! ஐடென்டி காட்லயே அப்படித்தான் இருக்கு. எங்க ஆளுகள்ல சித்தி நிஹாரா, சித்தி மபாஸான்னு தெருவுக்கு நாலு பேரு இருக்காங்க.”

“அப்ப அம்மாட தங்கச்சியை என்னெண்டு கூப்பிடுவீங்கள்?”

“சாச்சி.”

ஐயோ! என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்த ஊரில் அரை ஆயுளைக் கழித்தாயிற்று. பெருநாளைக்குப் பெருநாள் பக்கத்து வீட்டு வட்டிலப்பத்தை வழித்துச் சாப்பிடத் தெரிந்த எனக்கு, அவர்கள் பெயரில் ஒரு சித்தி இருப்பது தெரியவில்லை.

நானும் சிரித்துவிட்டேன். ஜெஸ்லா மட்டும் சிரிக்கவில்லை.

“உம்மான்னு மாத்துங்க மிஸ். இப்பவே மாத்துங்க.”

கணினியைத் திறந்து திருத்தினேன். பெயர், சித்தி றஹீமா. முறை, தாய். அவள் என் தோளுக்கு மேலால் குனிந்து எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். அதன் பிறகுதான் முகம் தெளிந்தது. என்ன பிடிவாதம்! இவள் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.

“கீழ போய் பாஸ்போர்ட்டை இன்னொரு கொப்பி எடுத்துட்டு வா மகள்,” என்றார் றஹீமா.

அவள் செருப்புச் சத்தம் படியிறங்கி ஓயும்வரை பொறுத்திருந்தார்.

“மிஸ், முறையை மட்டும் முன்ன இருந்த மாதிரியே போட்டுடுங்க.”

“ஏன்? அது பிழையெல்லோ!”

“இல்ல மிஸ். நீங்க தெரியாமலே சரியா எழுதிட்டீங்க.” பையைத் தடவிக்கொண்டே சொன்னார். “இவ எங்க பர்ஸானா ராத்தாட புள்ள. எனக்கு நேர் மூத்தவ. பெத்த வார்ட்டுலயே மவுத்தாயிட்டா. புள்ளைய நான் தூக்கிட்டு வந்தேன். பிறப்புச் சான்றிதழ்ல உம்மான்னு ராத்தாட பேருதான் இருக்கு. நாளைக்கு அந்த ஆபீஸர் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா, பொய் சொல்றாங்கன்னு விசாவைக் குடுக்க மாட்டாரு.”

“பிள்ளைக்கு இது...”

“தெரியுமே. தெரிஞ்சிட்டுத்தான் அந்தக் கத்து கத்துறா.”

சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த பெருமையை நான் என்னவென்று சொல்வேன்! தூக்கி வளர்த்துச் சம்பாதித்த ஒரே ஒரு சொல். பிள்ளை போய்ச் சேரட்டும் என்று அதைக் காகிதத்தில் விட்டுக் கொடுக்கிற மனுஷி, நிதானமாகப் பேனாவின் மூடியைக் கழற்றினார். எனக்குத்தான் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

முறை, தாயின் தங்கை. அச்செடுத்தேன். கையெழுத்திட்டார்.

ஜெஸ்லா இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தாள். கடிதத்தை எடுத்து வாசித்தாள். அந்த வரியில் கண் நின்றது. மறுபடியும் மேசை அதிரப்போகிறது என்று நான் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

“திரும்பவும் சித்தியா?”

சத்தம் எழும்பவில்லை.

றஹீமா பையின் வாயை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“என் பேருதானே மகள்.”

அவள் கடிதத்தைக் கசங்காமல் பைலுக்குள் வைத்தாள். றஹீமாவின் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“ஆமா உம்மா,” என்றாள். “உங்க பேருதான்.”