ஐம்பத்தாறு கேபி

செஞ்சியில் அமுதாவின் வீட்டுக்குக் காலையில் ஃபைபர் இணைப்பு கொடுத்தார் ஸ்டீபன். வேலை முடிந்ததும் கைப்பேசியில் இணைய வேகத்தைச் சோதித்து, திரையைப் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். தெருக் கம்பத்தில் சோதித்தபோது முந்நூறு எம்பி வந்தது. கூடத்தில் ஐம்பத்தாறு கேபிதான் காட்டியது. ரவுட்டர் பெட்டியை மாற்றினார், ஒயரை மாற்றினார். அதே ஐம்பத்தாறு.

"இன்னாக்கா இது, பழைய டயல்-அப் மோடம் ஸ்பீடு இருக்குது. ஒரு போட்டோ வர்றதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம்."

"எங்க நைனா அதத்தான் வச்சிருந்தாரு," என்றாள் அமுதா. "உள் ரூம்ல கம்ப்யூட்டர். அவரு நெட்ல இருக்கும்போது இங்க போனை எடுத்தா லைன் கட்டாயிடும். அப்படித் திட்டுவாரு."

அவள் அப்பா பிலவேந்திரன் இறந்து பதினாறு வருடம் ஆகிறது. உள் அறையில் இப்போது வேர்க்கடலை மூட்டைகள் மட்டுமே இருந்தன.

அலமாரியில் பெட்டிக்கு இடம் பண்ணுவதற்காக, அங்கிருந்த பழைய போனின் ரிசீவரைத் தூக்கினார் ஸ்டீபன். போனின் லைன் ஒயர் எப்போதோ அறுந்து சுவரோரம் தொங்கியது. ரிசீவரில் கீச்சென்று ஓர் இரைச்சல் கேட்டு, நின்றது.

கைப்பேசியில் முந்நூறு எம்பி வந்துவிட்டது.

"யாருடி போனை எடுத்தது?" என்று உள் அறையிலிருந்து ஓர் அதட்டல் கேட்டது.

அமுதாவுக்கு நாற்பது வயது. ஆனாலும் பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"நான் இல்ல நைனா. நெட்டு போட வந்தவரு."

ஸ்டீபன் ரிசீவரை இன்னும் கையில்தான் வைத்திருந்தார். உள்ளே யாரோ நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்கள்.