கலங்கிய படங்கள்

"இந்தக் கேமராதான் வேணும்னு முடிவு பண்ணது யாரு?"

முதலாளி கேட்டார். மேசை மேல் மூன்று கேமராக்களின் விளம்பரத் தாள்கள் கிடந்தன.

"நான்தான் சார்," என்றாள் மார்க்கெட்டிங் மேனேஜர்.

அது மின்விசிறி செய்யும் கம்பெனி. டீலர் கூட்டத்தில் எடுத்த படமெல்லாம் ஆடிப்போய் வந்திருந்தது. கேமரா பழசாகிவிட்டது, மார்க்கெட்டிங் பிரிவுக்குப் புதுசு ஒன்று வேண்டும் என்று அவள்தான் கேட்டாள்.

"ஓடுற ஃபேன் கலங்கலாத் தெரியலாம். பரிசு வாங்குற டீலர் மூஞ்சி கலங்கலாத் தெரியலாமா?" என்று முதலாளி அன்றைக்குச் சிரித்துக்கொண்டேதான் சரி சொன்னார். இன்றைக்கு அந்தச் சிரிப்பு இல்லை.

"நம்ம போட்டோகிராபர் வேற ரெண்டு கேமரா சொன்னாராமே. அதை ஏன் வேண்டாம்னீங்க?"

"இது எடை குறைவு சார். கையாள சுலபம்."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றிருந்த போட்டோகிராபர் தொண்டையைச் செருமினார். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து இருக்கிறவர். கம்பெனியில் எல்லாருக்கும் அவர் 'அண்ணன்'.

"சுலபமா வேணும்னு நானா கேட்டேன், மேடம்? பெரிய பெரிய கேமராவா தூக்கினவன் நான். நீங்க சொல்றது ஊர் சுத்திப் பார்க்கப் போறவங்க கழுத்துல மாட்டிக்கிறது. எடுக்கப்போறவன் நான். இதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவள் விளம்பரத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

கணக்கு மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இதை வாங்கப்போற கடை யாரோடதுன்னும் கேளுங்க சார்."

முதலாளி அவளைப் பார்த்தார்.

"என் அக்கா வீட்டுக்காரர் கடை," என்றாள் அவள்.

"இதை இவங்களா சொல்லல சார். அண்ணன் விசாரிச்சு வந்து சொன்னாரு. அதுக்கப்புறம்தான் எனக்கே தெரியும். இன்னொண்ணு, பழைய கேமராவுக்கு ஒரு கேடும் இல்ல. நேத்து நானே எடுத்துப் பார்த்தேன்."

பழைய கேமராவை மேசையில் வைத்து, திரையை முதலாளி பக்கம் திருப்பினார்.

"காலண்டர்ல இருக்கிற பொடி எழுத்தைக்கூடப் படிக்கலாம், பாருங்க. இத்தனைக்கும் போட்டோவுல நான் அ, ஆ கூடத் தெரியாதவன்."

முதலாளியின் முகம் இறுகியது.

"அப்ப டீலர் கூட்டத்துப் படம் மட்டும் ஏன் ஆடுச்சு?"

அவர் மேசையிலிருந்த கேமராவைக் கையில் எடுத்தார்.

"அண்ணே, இந்தாங்க," என்று முதலாளி கேமராவை நீட்டினார். "எங்களை ஒரு படம் எடுங்க. கோளாறு எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோகும்."

"இப்பவா சார்?"

"இப்பவேதான். படம் எடுக்க வெளியாளே போதுமான்னு வேற ரொம்ப நாளா யோசனை. அதையும் சேர்த்து முடிவு பண்ணிடலாம்."

அண்ணன் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பிறகு மெதுவாக ஓரடி எடுத்து வைத்தார்.

அதற்குள் அவள் குறுக்கே புகுந்து கேமராவை வாங்கிக்கொண்டாள்.

"வேண்டாம் சார்."

"ஏன்?"

"கேமரா நல்லாத்தான் இருக்கு. நான் சொன்னது பொய்."

கணக்கு மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அன்னிக்கு அண்ணன் நல்ல படம் நிறைய எடுத்திருந்தாரு," என்றாள். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. "அதையெல்லாம் ஒதுக்கிட்டு, ஆடின படமாப் பொறுக்கி உங்களுக்கு அனுப்பினது நான்தான்."

"எதுக்கு?"

"புதுசு வாங்கத்தான்."

"உங்க அக்கா வீட்டுக்காரர் கடைல."

அவள் தலைகுனிந்தாள்.

"பூனையை நம்பிப் பாலை வெச்சிருக்கேன்," என்றார் முதலாளி. "கேமராவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இனிமே அந்தப் பிரிவுக்கு ஒரு பேனா வாங்குறதா இருந்தாலும் கணக்கு மேனேஜர் பார்ப்பாரு. உங்களை என்ன பண்றதுன்னு யோசிச்சுச் சொல்றேன். போங்க."

அவள் வெளியே வந்தாள். கண்ணாடிக் கதவுகளுக்கு அந்தப் பக்கம் எல்லாரும் குனிந்து வேலை பார்த்தார்கள். செய்தி அவளுக்கு முன்னால் போய்விட்டது போலிருந்தது. யாரும் நிமிரவில்லை.

மாடிப்படி அருகே பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"மேடம்."

திரும்பினாள். அண்ணன். உள்ளே பேசிய மிடுக்கு இப்போது இல்லை.

"அன்னிக்கு நான் எடுத்ததுல நல்ல படம்னு ஒண்ணுகூடத் தேறலையே. அது எனக்குத் தெரியாதா?" படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "உங்களை மாட்டி விட்டவனே நான்தான். எனக்காக எதுக்கு இந்தப் பழியைத் தலையில போட்டுக்கிட்டீங்க?"

படியில் யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"கேன்டீன்ல நீங்க டீ கிளாஸை ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சுக் குடிக்கிறதைப் பார்த்தேண்ணே. வெளிக் கடையில விசாரிச்சா விஷயம் எப்படியும் இங்க வந்து சேரும். அதான் எங்க அக்கா வீட்டுக்காரர்கிட்டப் போய்க் கேட்டேன், கை நடுங்கினாலும் படம் நடுங்காத கேமரா எதுன்னு."