ரேடியோ கேட்ட நம்பர்

"யாரோ நம்பரை மாத்திட்டாங்க. யாருன்னும் எனக்குத் தெரியும்!"

காரை விட்டு இறங்காமலேயே ஆடிட்டர் சத்தம் போட்டார். அடுத்தவர் கணக்கில் பிழை கண்டுபிடித்தே காலம் தள்ளியவர். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார், சந்தேகப்படுவதிலிருந்து இல்லை. பக்கத்து சீட்டில் அவர் மனைவி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கார் முட்டிச் சாய்ந்த கடைப் பலகையை நிமிர்த்தி வைத்துவிட்டு ரேடியோ கடைக்காரர் வந்தார்.

"என்ன சார் பிரச்சினை?"

"பலகையை வழியில வெச்சா அப்படித்தான். அதை விடுங்க. எவனோ ராத்திரியில பேட்டரி வயரைக் கழட்டிடறான். காலையில வண்டி கிளம்பாது. நான் திரும்ப மாட்டினா, இந்த ரேடியோ என்னையே திருடனா நினைச்சு நம்பர் கேட்குது. ரேடியோவோட வந்த அட்டையில இருக்கற நம்பரைத்தான் போட்டேன். தப்பு தப்புன்னு சொல்லிப் பூட்டிக்கிச்சு."

"வயரைக் கழட்டறது பெரிய வித்தை இல்ல சார். பத்து நம்பர் ஸ்பேனர் ஒண்ணு போதும்."

"எங்க வீட்டு ஸ்பேனரையும் காணோம்! எல்லாம் மாடியில குடியிருக்கற என் மாப்பிள்ளை வேலை. 'இந்த வயசுல எதுக்கு மாமா கார், வித்துடலாமே'ன்னு நச்சரிக்கறான். போன வாரம் ஸ்கூல் வாசல்ல வண்டி குலுங்கி நின்னே போச்சு. அதுலயும் எதையோ நோண்டியிருக்கான்."

"பாவம், அவரை ஏன் இழுக்கறீங்க?" என்றாள் மனைவி.

"உனக்கு மாப்பிள்ளைன்னா உசிரு. அவனும் உன் பொண்ணும் இன்னைக்கே வீட்டைக் காலி பண்ணணும்."

அவள் முகம் வெளுத்துவிட்டது.

கடைக்காரர் ரேடியோவைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பூட்டை நீக்கி, திரும்ப மாட்டினார். அட்டையைப் பார்த்து நம்பரை அழுத்தினார். பாட்டு வந்தது.

"நம்பரை யாரும் மாத்தலை சார். நீங்க என்ன போட்டீங்க?"

"முப்பத்தொண்ணு, முப்பத்தேழு."

"அட்டையில எண்பத்தொண்ணு, எண்பத்தேழுன்னு இருக்கே."

ஆடிட்டர் அட்டையை மூக்கு வரை கொண்டுபோனார். "அச்சு சரியில்லை" என்றவர், கடைக்காரரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களும் அவன் ஆளா?"

கடைக்காரருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

ஆடிட்டர் மனைவி பக்கம் திரும்பினார். "இந்தா, போனை எடு. இப்பவே அவனைக் காலி பண்ணச் சொல்றேன்."

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாங்க."

"எடுங்கறேன்ல!"

அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆடிட்டர் அதைப் பிடுங்கி உள்ளே கைவிட்டுத் துழாவினார். போன் அகப்படவில்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு சில்லென்று ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தார்.

காணாமல் போன ஸ்பேனர்.

"மாப்பிள்ளையை விட்டுடுங்க" என்றாள் அவள், குரல் உடைந்து. "அன்னைக்கு ஸ்கூல் வாசல்ல வண்டி தானா நிக்கலை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தது நான்தான். வண்டிக்கு நேர் எதிர்ல நம்ம பேரன் கையாட்டிக்கிட்டு நின்னான். உங்க கண்ணுக்குத் தெரியவே இல்லைங்க."